முகாம் முடிந்த மறுநாள்

நம் நாட்டின் தாலுகா தலைநகரங்களில் பெரும்பாலானவற்றில் இன்று லயன்ஸ் சங்கமோ ரோட்டரி சங்கமோ ஒன்றிருக்கக் காண்கிறோம். வக்கீல்கள், வைத்தியர்கள், நூல் வியாபாரிகள், அரிசி ஆலைக்காரர்கள், ஆசிரியர்கள் ஆகியோர் குறித்த நாளில் கூடி, ஒருங்கே அமர்ந்து உணவருந்தி, ஊர் நலன் குறித்து ஆலோசிக்கின்றனர். இரத்த தானம், பள்ளிகளுக்கு மேசை நாற்காலி, மரக்கன்று நடுதல், வெள்ளக் காலங்களில் உணவும் உடையும் வழங்குதல் என்று அவர்களுடைய பணிகள் பல. அவற்றுள் நம் அங்கத்தினர்கள் நன்கறிந்தது இலவசக் கண் சிகிச்சை முகாம். நம் சங்கங்களின் கிடங்குகளிலும் நூல் வழங்கும் கூடங்களிலும் எத்தனையோ முகாம்கள் நடந்துள்ளன.

இச்சேவைச் சங்கங்களைப் பற்றி நம் அங்கத்தினரிடையே இருவகையான கருத்துகள் நிலவுகின்றன. "வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, மாலையும் பொன்னாடையும் போட்டுக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொள்வதற்கே முகாம்" என்பது ஒரு சாரார் கருத்து. "எல்லாவற்றையும் அவர்களே செய்துவிடுகிறார்கள், இடத்தைத் திறந்துவிட்டால் நம் வேலை தீர்ந்தது" என்பது மற்றொரு சாரார் எண்ணம். இவ்விரண்டும் தவறு என்பது நம் கருத்து. முதற்கருத்து நன்றி மறந்தது. இரண்டாவது எண்ணம் கடமை மறந்தது. இரண்டாவதனால் விளையும் தீங்கை நாம் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம். ஆகவேதான் இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் இச்சங்கங்களின் தோற்றத்தைச் சிறிது அறிந்துகொள்வது நலம். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாட்டன் பாட்டியால் வளர்க்கப்பட்டவர் பால் ஹாரிஸ். வக்கீல் தொழில் நடத்தச் சிகாகோ மாநகருக்கு வந்தார். அறிமுகமானோர் பலர் இருந்தும் நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாத நிலை அவரை வருத்தியது. வளர்ந்த சிற்றூரின் அண்டை அயல் உறவை மாநகரத்திலும் உண்டாக்க இயலுமா என்று எண்ணினார். 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் நால்வர் கூடினர். ஒருவர் வக்கீல், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்காரர். ஒவ்வொருவருடைய அலுவலகத்திலும் முறை வைத்துச் சுழன்று கூடியமையால் 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது. அந்நாளில் நட்பும் பரஸ்பர தொழில் உதவியுமே அவர்களுடைய நோக்கம். இரண்டாண்டுகள் கழித்து, 1907-இல், நகரத்தில் பொதுமக்களுக்குக் கழிப்பிடம் இல்லாத குறையை நீக்க முன்வந்தனர். அதுவே அவர்களுடைய முதல் பொதுப்பணி. பெருமை பேசத்தக்க பணியா என்று அவர்கள் தயங்கவில்லை. தேவை கண்டார்கள், செய்தார்கள்.

லயன்ஸ் சங்கங்களை 1917-இல் ஒன்றிணைத்தவர் மெல்வின் ஜோன்ஸ் என்னும் இன்ஷூரன்ஸ் தொழில் செய்தவர். 1925-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தில் கூடிய அவர்களுடைய மாநாட்டில், கண்பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் உரையாற்றி, பார்வையற்றோர் பணியை மேற்கொள்ளுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோளை அன்று ஏற்றவர்கள் இன்றுவரை விடவில்லை. நம் கிடங்கின் வாயிலில் கண் முகாம் பலகை தொங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் கடல் கடந்த ஊரில் ஓர் அம்மையார் விடுத்த வேண்டுகோளும் ஒரு காரணம்.

நம் கூட்டுறவு இயக்கத்தின் வேரும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கடை திறந்த கதையை ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் கேட்கிறோம். அவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். கொஞ்சம் மாவும் வெண்ணெயும் விற்கத் தொடங்கியவர்கள், சில ஆண்டுகளுக்குள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கி, வாசகசாலை நடத்தினர். 1995-இல் மான்செஸ்டர் நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏழு கோட்பாடுகளை வகுத்தபோது, ஏழாவதாகச் சமூகத்தின்பால் அக்கறை என்பதைச் சேர்த்தது. ஆகவே ஊர்நலப் பணி நம்முடைய காரியமா என்று எவரேனும் வினவினால், ஆம் என்பதே விடை.

இனி நம் கண் விவகாரத்துக்கு வருவோம். நாற்பது வயதைக் கடந்த நெசவாளி ஒருவருக்கு வெள்ளெழுத்து வந்தால் என்ன நேருகிறது? அறுந்த இழை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. விழுதிலும் அச்சிலும் இழை கோக்க மகனையோ மருமகளையோ கூப்பிட வேண்டியிருக்கிறது. துணியில் குற்றம் விழுகிறது. தரம் பார்க்கும்போது கூலி குறைகிறது. "வயதாகிவிட்டது, கை வரவில்லை" என்று அவர் தம்மையே நொந்துகொள்கிறார். பிழை கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. அதை நீக்க ஒரு மூக்குக் கண்ணாடி போதும் என்பதை அவருக்குச் சொல்வாரில்லை.

இது வெறும் அனுமானமன்று. அஸ்ஸாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2018-இல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்குக் கிட்டப் பார்ப்பதற்கான கண்ணாடியை உடனே அளித்தனர். மறுபாதியினருக்கு ஆராய்ச்சி முடிந்த பின்னர் அளித்தனர். கண்ணாடி அணிந்தோர் நாளொன்றுக்குப் பறித்த இலையின் எடை, அணியாதோரைக் காட்டிலும் ஏறக்குறைய நூற்றுக்கு 22 பங்கு கூடுதலாக உயர்ந்தது. இலை கிள்ளுவதற்கே இவ்வளவு வேறுபாடு என்றால், எண்பதாம் நம்பர் நூலை நாளெல்லாம் உற்று நோக்குவோருக்கு எவ்வளவு இருக்கும்! வெள்ளெழுத்துக்கு இது. கண்புரைக்கோ கண்ணாடி போதாது. அறுவைச் சிகிச்சை வேண்டும். செய்யாமல் விட்டால் தறியும் நிற்கும், வயலும் நிற்கும்.

இப்போது நாம் கண்ட நிகழ்ச்சியைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் சரகத்திலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் கிடங்கில் கண் முகாம் நடந்தது. சேவைச் சங்கத்தார் சிறப்பாகவே ஏற்பாடு செய்திருந்தனர். வைத்தியர்கள் மாலை நான்கு மணி வரை ஓயாது பரிசோதித்தனர். இருபத்தாறு பேருக்குக் கண்புரை இருப்பதாகவும், அறுவைச் சிகிச்சை அவசியமென்றும் சீட்டு எழுதிக் கொடுத்தனர். அடுத்த வாரம் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், சிகிச்சை முற்றிலும் இலவசம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தனர். நன்றியுரை, தேசிய கீதம், புகைப்படம் யாவும் முறைப்படி நடந்தன.

மூன்று மாதங்களுக்குப் பின் ஆய்வுக்குச் சென்றபோது காரியதரிசியைக் கேட்டோம். சென்றவர்கள் ஏழு பேர். மற்ற பத்தொன்பது பேரின் சீட்டுகள் வீட்டுக் கூரையில் செருகிக் கிடந்தன. ஏன் போகவில்லை என்று ஒரு பெரியவரிடம் வினவினோம். அவர் தறிக்குழியில் அமர்ந்தபடியே விடை சொன்னார்:

"இலவசம்தான் ஐயா, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை தறியில் பாவு பாதியில் நின்றது. நெய்து கொடுத்தால்தானே கூலி? துணைக்கு வீட்டில் அவளை அழைத்துப் போனால் தார் சுற்ற ஆளில்லை. திரும்பி வந்தபின் மருந்து விட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த நாட்களுக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? அத்தோடு பயமும்தான்."

இவ்விடையில் ஐந்து காரணங்கள் அடங்கியுள்ளன: நாள் பொருந்தவில்லை, துணையில்லை, கூலி போகிறது, ஓய்வுக்கு வழியில்லை, அச்சம் நீங்கவில்லை. இவற்றுள் எதையும் வெளியூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து செல்லும் அன்பர்கள் அறிந்திருக்க இயலாது. எவருடைய தறியில் பாவு எந்த அளவில் நிற்கிறது என்பது நூல் வழங்கும் பேரேட்டைப் பார்க்கும் நம் காரியதரிசிக்கு அல்லவா தெரியும்?

கதை இத்துடன் முடியவில்லை. நம் பங்கும் இதில் உண்டு. சென்ற ஏழு பேரும் எவ்வாறு சென்றனர் என்று பார்த்தால், காரியதரிசி சங்கப் பணத்தில் ஒரு வேன் அமர்த்தி அனுப்பியிருந்தார். வாடகை இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். நிர்வாகக் குழுவின் தீர்மானம் இல்லை, உபவிதியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை. நாம் அதைக் குறையென்று ஆய்வறிக்கையில் எழுதினோம். அத்தொகையைக் காரியதரிசி தம் கையிலிருந்து கட்டினார். விதிப்படி நாம் செய்தது சரியே. இன்றும் அவ்வாறே எழுதுவோம். ஆனால் ஒன்றைச் செய்யத் தவறினோம். அதே காரியத்தை முறையாகச் செய்ய என்ன வழி என்று அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் முகாம் நடந்தது, சீட்டு எழுதினார்கள். இம்முறை வேன் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் சென்றதாகத் தெரியவில்லை. நாம் சந்தித்த பெரியவர் தறியை விட்டு இறங்கிவிட்டார். தறிக்குழியைப் பலகை போட்டு மூடியிருந்தனர். நம் ஆய்வறிக்கையில் குறையேதும் இல்லாத ஆண்டு அது. அந்நினைவு நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவ்வழி சட்டத்துக்குப் புறம்பானது அன்று. 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 34-ஆம் பிரிவே இதற்கு இடம் தந்தது. நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேம நிதிக்கு எடுத்துவைத்த பின், பதிவாளரின் அனுமதி பெற்று, எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைத் தரும காரியத்துக்கு உதவலாம் என்றது அப்பிரிவு. ஏழைகளுக்கு உதவி, கல்வி, வைத்திய உதவி ஆகியவை தரும காரியங்களில் அடங்கும். இன்று தமிழ்நாட்டில் நடைமுறையிலிருப்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டம். லாபத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதை அச்சட்டமும் விதிகளும் சங்கத்தின் உபவிதிகளுமே நிர்ணயிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு காரியதரிசியும் தம் சங்கத்து உபவிதியில் பொதுநலச் செலவுக்கு என்ன இடமிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் முகாமுக்கு முன்பே ஆய்வாளரைக் கேட்க வேண்டும். ஆய்வாளரும் கேட்கும் வரை காத்திராமல் சொல்ல வேண்டும்.

லாபமே இல்லாத சங்கம் என்ன செய்யும் என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நாம் சொல்வது இது: இக்காரியத்தில் பெரும்பகுதிக்குப் பணம் வேண்டியதில்லை. பட்டியல் வேண்டும், மீண்டும் மீண்டும் போய்க் கேட்கும் பொறுமை வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று இளம்பிள்ளைவாத ஒழிப்பு. ரோட்டரி சங்கத்தார் 1985-இல் போலியோ ஒழிப்பை உலகளாவிய பணியாக மேற்கொண்டனர். 1988-இல் உலக சுகாதார ஸ்தாபனமும் அரசாங்கங்களும் சேர்ந்து பெருமுயற்சி தொடங்கின. நம் நாட்டில் 1995 முதல் சொட்டு மருந்து முகாம்கள் நடைபெற்றன. 2009-ஆம் ஆண்டில்கூட 741 குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாயின. பின்னர் 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்காளத்தில் கண்ட ஒன்றே கடைசி நோய். 2014 மார்ச் 27-இல் நம் நாட்டை உள்ளடக்கிய தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. இவ்வெற்றி எப்படிக் கிட்டியது? கூடாரத்துக்கு வந்த குழந்தைக்கு மருந்து கொடுத்ததோடு நின்றிருந்தால் கிட்டியிராது. மறுநாள் முதல் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். மருந்து பெற்ற வீட்டுச் சுவரில் ஒரு குறி. குழந்தை விடுபட்ட வீட்டுச் சுவரில் பெருக்கல் குறி. பெருக்கல் குறியிட்ட வீடுகளுக்கு வேறொரு குழுவினர் மீண்டும் சென்றனர். மறுத்தவர்களிடம் உள்ளூர்ப் பெரியவர்களை அழைத்துச் சென்று பேசினர். சுண்ணக்கட்டியால் இட்ட அக்குறி, மேடைப் பிரசங்கங்களைவிட அதிக வேலை செய்தது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் அனுபவமும் இதையே காட்டுகிறது. ஊர்தோறும் சேவைச் சங்கங்களும் பிற ஸ்தாபனங்களும் முகாம்களை முன்னின்று நடத்த, வைத்தியம் ஆஸ்பத்திரியாருடையது என்ற ஏற்பாடு அங்கு வளர்ந்தது. சிகிச்சைக்குக் கட்டணம் வாங்காதிருந்தால் மட்டும் ஏழைகள் வந்துவிடமாட்டார்கள் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டனர். ஆகவே போக்குவரத்து, உணவு, தங்குமிடம் ஆகியவற்றையும் சேர்த்தே அளித்து, முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துச் சென்று, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடும் முறையை வகுத்தனர்.

ஆகவே சேவைச் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன. அவர்களிடம் வைத்தியர் தொடர்பு இருக்கிறது, பொருள் இருக்கிறது, ஏற்பாடு செய்யும் திறமை இருக்கிறது. நம்மிடம் அங்கத்தினர் பேரேடு இருக்கிறது. நூல் வாங்கவும் துணி கொடுக்கவும், உரமும் கடனும் பெறவும் அவர்கள் தவறாது வந்துபோகும் கூடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த பழக்கம் இருக்கிறது. முகாம் நாள் அவர்களுடையது, மறுநாள் நம்முடையது.

அந்த மறுநாள் வேலைகளாக நாம் கருதுபவை சில. முகாமின் தேதியைக் குறிக்குமுன் சேவைச் சங்கத்தாரோடு கலந்து பேசி, நெசவு மும்முரமான பண்டிகைக் காலத்தையும் நடவு, அறுவடை நாட்களையும் தவிர்க்கச் செய்ய வேண்டும். சிகிச்சைக்கு ஒரே நாளைக் குறிக்காமல் இரண்டு மூன்று நாட்களைக் கேட்டுப் பெற வேண்டும்; பாவு நெய்து முடித்தவர் முதலில் செல்லட்டும், மற்றவர் பின்னர் செல்லட்டும். சீட்டுப் பெற்றவர்களின் பெயர்களைத் தனி நோட்டில் எழுதி, சென்றவர் எதிரே ஒரு குறியும் செல்லாதவர் எதிரே ஒரு குறியும் இட வேண்டும். அந்த நோட்டு நூல் வழங்கும் மேசையின் மேலேயே இருக்க வேண்டும். முன்னரே சிகிச்சை பெற்றுப் பார்வை திரும்பிய அங்கத்தினர் ஒருவர், அஞ்சுவோர் வீட்டுக்குச் சென்று பேச வேண்டும். ஆயிரம் துண்டுப் பிரசுரங்களைக் காட்டிலும் அவருடைய ஒரு சொல் வலிது. சிகிச்சைக்குச் சென்றவரின் தறியை ஓய்வு முடியும் வரை அண்டை வீட்டார் முறைவைத்துக் கவனித்துக்கொள்ளவும், கூலி அவர் குடும்பத்துக்கே சேரவும் வகை செய்தால், அதைவிடச் சிறந்த கூட்டுறவு வேறேது?

இவ்விதம் நடந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். அதே சரகத்தில் வேறொரு சங்கத்தின் காரியதரிசி அம்மையார், நோட்டில் செல்லாதவர் பெயருக்கெதிரே சிவப்பு மையால் புள்ளி வைத்து, நூல் வாங்க வரும்போதெல்லாம், "அண்ணா, உங்கள் புள்ளி இன்னும் அழியவில்லையே!" என்று கேட்டுவந்தார். சில மாதங்களில் ஒரு சில புள்ளிகளே மிஞ்சின. அச்சேவைச் சங்கத்தாரிடம் நோட்டைக் காட்டியபோது, அடுத்த முகாமுக்கு வேன் செலவைத் தாங்களே ஏற்பதாகச் சொல்லிச் சென்றனர். கணக்குக் காட்டுவோரிடம் உதவுவோர் தாமே வருவார்கள் என்பதற்கு இது அத்தாட்சி.

சேவைச் சங்கத்து அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளிகளை வெயிலில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வரவேற்புரை நிகழ்த்துவதைத் தவிர்க்கலாம். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணைப் பலகையில் எழுதுவதோடு, எத்தனை பேர் பார்வை பெற்றனர் என்ற எண்ணையும் அடுத்த ஆண்டு எழுதலாம். உங்கள் சங்கத்தைத் தோற்றுவித்த நால்வருள் தையற்காரர் ஒருவர் இருந்தார் என்பதை நினைவில் கொண்டு, உங்கள் கூட்டங்களுக்கு ஒரு நெசவாளரையும் ஒரு விவசாயியையும் அழைத்து, உடன் அமர்த்தி உணவருந்திப் பேசலாம். 1987 வரையில் இச்சங்கங்களில் பெண்களுக்கு அங்கத்தினராகும் உரிமை இருந்ததில்லை. இன்று அவர்களே தலைமை ஏற்று நடத்துகின்றனர். அக்கதவு திறந்தது போல் தறிக்காரருக்கும் ஏர்க்காரருக்கும் திறக்குமானால், தோழமை என்ற சொல்லுக்கு முழுப் பொருள் உண்டாகும். உதவி பெறுவோராக மட்டும் நாம் அவர்கள் முன் நிற்பது நமக்கும் அழகன்று, அவர்களுக்கும் நன்றன்று.

அடுத்த மகாசபையில் ஒவ்வொரு சங்கமும் இரண்டு காரியங்கள் செய்யட்டும். உபவிதியைப் படித்துப் பார்த்து, இடமிருப்பின் பொதுநலச் செலவுக்கென்று முறையான தீர்மானம் ஒன்றை நிறைவேற்றட்டும். இடமில்லையேல் திருத்தத்துக்கு எழுதட்டும். கண் சிகிச்சைக்கென்று ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கட்டும். ஆய்வுக்கு வரும்போது ரொக்கப் புத்தகத்துக்கும் இருப்புப் புத்தகத்துக்கும் பிறகு, அந்த நோட்டையும் நாம் கேட்டு வாங்கிப் பார்ப்போம். அதில் அழியாத புள்ளிகள் மிகுந்திருந்தால், அறிக்கையில் எழுதுவதோடு நில்லாமல், அந்த வீடுகளுக்கு உங்களுடன் நாமும் வருவோம்.